நேரில் வந்து சொல்லாத கலியாணம்

ஆங்கிலேயப் பிரபு ஒருவரின் வீட்டுப் பெண்ணுடைய கலியாணத்துக்குச் செல்சியில் உள்ள பழைய தேவாலயம் ஒன்றுக்குப் போயிருந்தேன். போயிருந்தேன் என்றால், எதிர்ப்பக்க நடைபாதையில், இரும்புத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றேன். காஞ்சிபுரம் சேலை, மேலே மழைக்கோட்டு, காலில் ட்ரெயினர்ஸ். அரச குடும்பத்திலிருந்தும் இரண்டொருவர் வருவார்கள் என்று கேள்வி. எனக்கு அந்தக் குடும்பத்தின் மூன்று தலைமுறையும் மனப்பாடம். யாருக்குப் பிறகு யாருக்கு முடி என்று நித்திரையிலும் சொல்லுவேன். கோலியர்ஸ் வுட்டில் என் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் அவர்கள் முகம் போட்ட கோப்பைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் ஒருவருக்கும் இதுவரை தேநீர் கொடுத்ததில்லை.

அதே நாள், அதே நேரத்தில், ரெய்னர்ஸ் லேனில் ஒரு மண்டபத்தில் என் தங்கையின் மகளுக்குத் தாலி ஏறிக்கொண்டிருந்தது.

அதற்கு நான் போகவில்லை. காரணம் இருந்தது. கலியாணத்துக்கு அழைப்பதை எங்கள் ஆட்கள் 'சொல்லுவது' என்பார்கள். சொல்லுவதென்றால் வீட்டுக்கு வந்து, கதிரையில் இருந்து, அட்டையைக் கையில் தந்து சொல்லவேண்டும். என் தங்கை அட்டையை வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். பிள்ளையார் கண் சிமிட்ட, நாதஸ்வரம் முழங்க, ஊர் ஆட்கள் எல்லாரோடும் சேர்த்து எனக்கும் அது வந்தது. போனில் கேட்டபோது சிரித்தாள்.

“உனக்குமோ வந்து சொல்லவேணும்? நீ வீட்டாள் எல்லே.”

வீட்டாள் என்றால் விட்டுவிடலாமா? எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அந்தப் பிள்ளை பெரியபிள்ளையானபோது சாமத்தியச் சடங்குக்குச் சேலை உடுத்திவிட்டவள் நான். கலியாணத்துக்கும் பெரியம்மாதான் உடுத்திவிடவேண்டும் என்று அன்றைக்கே அவள் சொல்லியிருந்தாள். அழையா விருந்தாளியாகப் போய் நிற்க நான் என்ன மானம் கெட்டவளா என்று கணவரிடம் கேட்டேன். அவர் கோட்டை மாட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனார். நான் செல்சிக்குப் போனேன்.

தடுப்பில் எனக்குப் பக்கத்தில் மடக்குக் கதிரையோடு ஓர் ஆங்கிலேயக் கிழவி. இப்படிப்பட்ட கலியாணம் ஒன்றையும் தவறவிடாதவளாம். என் சேலையைப் பார்த்து, உங்கள் குடும்பக் கலியாணங்களிலும் இப்படித்தான் உடுத்துவீர்களா என்று கேட்டாள். இன்றைக்கே ஒன்று நடக்கிறது என்றேன். போகவில்லையா என்றாள். அவர்கள் எனக்கு வந்து சொல்லவில்லை என்றேன். அப்படியானால் உங்களுக்கு எப்படித் தெரியும் என்றாள். தெரியும், ஆனால் சொல்லவில்லை என்றேன். ஆங்கிலத்தில் அது பைத்தியக்காரி பேச்சாக இருந்தது. கிழவி என்னையும் தேவாலயத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரு பிஸ்கட் நீட்டினாள்.

கார் வந்தது. மணப்பெண் இறங்கினாள். எல்லாரும் கைபேசியைத் தூக்கினார்கள், நானும் தூக்கினேன். படியில் ஏறும்போது அவளுடைய உடுப்பின் நீண்ட வால் ஒரு பக்கம் சுருண்டுவிட்டது. உள்ளேயிருந்து பெரிய தொப்பி போட்ட ஒருத்தி ஓடிவந்தாள். தாயின் அக்கா என்று கிழவி சொன்னாள். அந்தப் பெரியம்மா தொப்பி சரியச் சரிய முழங்காலில் நின்று, வாயில் ஊசியைக் கடித்தபடி, அதை நீவி நேராக்கினாள். பெண் குனிந்து ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கிழவி அதை ராஜபக்தி என்று நினைத்து என் தோளைத் தட்டினாள். எங்கள் பிள்ளைக்குக் கொசுவம் பிடித்துவிட்டது யார் என்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் ஓடவில்லை. அரச குடும்பத்தில் யார் வந்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. கூட்டத்தை இடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பிக்கடில்லி லைனில் ஏறி ரெய்னர்ஸ் லேன் போய்ச் சேர்ந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. வாசலிலிருந்தே மேடை தெரிந்தது. பெறாமகள் கூறைச் சேலையோடு நின்றாள். கொசுவம் ஒரு பிசகில்லாமல் விழுந்திருந்தது. யாரோ கெட்டிக்கார பியூட்டிஷனின் கை. பிசகியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தங்கை வாசலில் சந்தனத் தட்டோடு நின்றாள். எனக்குப் பதினொரு மாதம்தான் இளையவள். பேச்சு வந்த நாள் முதல் என்னை 'நீ' என்பதைத் தவிர அவள் வாயில் வேறு வந்ததில்லை. கத்துவாள், நானும் திருப்பிக் கத்தலாம் என்று வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். எனக்கு முன்னால் போன, யாரென்றே தெரியாத ஒரு குடும்பத்துக்குச் சிரித்த அதே சிரிப்போடு தட்டை என் பக்கம் திருப்பினாள்.

“வாங்கோ. சந்தனம் எடுங்கோ. இருந்து சாப்பிட்டுத்தான் போகவேணும்.”