அஞ்சலை அக்கா நின்ற இடம்

கூலியை உயர்த்திக் கேட்டோம். மிராசுதார் வெளியூர் ஆட்களை வைத்து அறுப்பைத் தொடங்கிவிட்டார்.

சீனக் கவிதையில் ஒவ்வொரு சொல்லும் தனிக் கட்டத்தில் நிற்கும், காலி இடமும் பேசும் என்று ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். அந்த ஆசையில் நான் எழுதிய வரியை அட்டைக்கு ஒரு சொல்லாகப் பிரித்து, மன்னார்குடி சாலையோர வரப்பில் ஐந்து பெண்கள் ஏந்தி நின்றோம்: 'இந்த வயலில் எங்கள் வேர்வை இருக்கிறது.'

போலீஸ் ஜீப் வந்தது. நடுவில் 'எங்கள்' பிடித்திருந்த அஞ்சலை அக்காவை அட்டையோடு இழுத்து ஏற்றினார்கள்.

"நெருங்கி நில்லுங்க, வரி உடைஞ்சு நிக்குது," என்றேன்.

'வேர்வை'யை ஏந்தியிருந்த காளியம்மா நகரவில்லை. "அது அக்கா நின்ன எடம். அப்படியே கெடக்கட்டும்."

எனக்குக் கோபம்தான் வந்தது.

ஜீப் மறித்ததால் ஒரு பஸ் நின்றது. ஜன்னலோரம் இருந்தவர் அட்டைகளை உரக்கப் படித்தார். இடைவெளி வந்ததும் நிறுத்தினார்.

"இந்த வயலில்... யாரு வேர்வை?"

ஜீப்புக்குள் அக்காவின் மடியில் 'எங்கள்' தெரிந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக ஜீப்பைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்றும் எனக்கு வரியை நெருக்கி எழுதக் கை வருவதில்லை. ஓர் ஆள் நிற்க இடம் விட்டுத்தான் எழுதுகிறேன்.