பிரேக் மிதிக்கிற கால்

168-க்கு 104. இருபத்தொரு வருடமாக நகரப் பேருந்து ஓட்டும் ஒரு பெண்மணியின் கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, டிப்போ மருத்துவர் படித்துச் சொன்ன இரத்த அழுத்தம் அது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. பயணிகள் அவரை டிரைவரம்மா என்று கூப்பிடுவார்கள். நாமும் அப்படியே கூப்பிடலாம்.

மருத்துவர் நம்பாமல் இன்னொரு முறை காற்றடித்துப் பார்த்தார். எண் அசையவில்லை.

"இன்னைக்கே மாத்திரை ஆரம்பிங்க. மாசாமாசம் வந்து காட்டுங்க. ஆறு மாசம் டைம். அதுக்குள்ள 140-க்கு 90-க்குக் கீழ இறங்கலைன்னா நீங்க சீட்டை விட்டு இறங்கணும்."

"இறங்கி?"

"டைம் கீப்பர் ரூம்ல உக்காந்து, வர்ற வண்டி போற வண்டிய எழுதுங்க."

டிப்போ வாசலில் இருக்கும் கண்ணாடி அறைதான் அது. ஒரு கடிகாரம், ஒரு பதிவேடு, ஒரு நாற்காலி. தினமும் ஆறு முறை அந்த அறையைக் கடந்து வண்டியை வெளியே எடுக்கிறவருக்கு, அதற்குள் உட்கார்ந்து அடுத்தவர் வண்டி எடுப்பதைப் பார்க்கப் போகிறோம் என்ற நினைப்பே கசந்தது. அவருக்குப் பேருந்து ஓட்டுவது பிழைப்பு மட்டுமில்லை. பன்னிரண்டு மீட்டர் வண்டியை மூன்று விரல்கடை இடைவெளியில் வளைத்து எடுத்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி கண்ணாடியில் முகம் பார்க்கிற ஆள் அவர்.

வீட்டுக்காரர் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார். மருந்துச் சீட்டைப் படித்தவுடன் தலையில் கைவைத்தார்.

"ஊருக்கெல்லாம் மாத்திரை எடுத்துக் குடுக்கிறேன். வீட்டுக்குள்ளயே ஒரு கிராக்கி இருக்கிறது தெரியாமப் போச்சே!"

"கிராக்கியை மரியாதையா நடத்துங்க. முதல்ல அந்த மாத்திரையை எடுங்க."

காரணம் தேட மெனக்கெட வேண்டியதில்லை. எட்டு மணி நேரம் உட்கார்ந்த இடம். கடைசி நிறுத்தத்தில் கிடைக்கும் பத்து நிமிடத்தில் டப்பா சாப்பாடு. வழியில் கழிப்பறை கிடையாது என்பதால் தண்ணீர் குடிப்பதில்லை. இருபத்தொரு வருடத்தில் ஏறியது பதினான்கு கிலோ. இரண்டாவது மாடியிலுள்ள தன் வீட்டுக்கு ஏற, நடுவில் ஒரு முறை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். யாராவது வந்தால் சாவி தேடுகிற மாதிரி பையைக் கிளறுவார்.

டிப்போவுக்கு எதிர்த்த தெருவில், முன்பு மேஜை நாற்காலி அடுக்கிவைத்த கிடங்கில், காலை ஆறரைக்கு ஒரு கூட்டம் குதிப்பதை அவர் பார்த்ததுண்டு. பதினெட்டு இருபது பேர். நாற்பது விநாடி உயிரைக் கொடுத்து வேலை, இருபது விநாடி மூச்சு, மறுபடியும் நாற்பது. சுவரில் சிவப்பு எண் கடிகாரம். "இதுங்களுக்கு என்ன வேண்டுதலோ" என்று கண்டக்டரிடம் சிரித்திருக்கிறார். இப்போது அவரே பிற்பகல் ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டு, ஒரு காலையில் ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே போனார்.

பயிற்சி கொடுப்பவர் முப்பத்தைந்து வயதுப் பெண். பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவர். எல்லோருக்கும் அவர் கோச்.

"பிரஷர் எவ்வளவுக்கா?"

சொன்னார்.

"அப்ப டாக்டர் சீட்டு இல்லாம குதிக்க விடமாட்டேன். கோச்சுக்காதீங்க."

முதல் ஆறு வாரம் மாத்திரை, நடை, அவ்வளவுதான் என்று மருத்துவர் எழுதினார். டிப்போ மதில்சுவரைச் சுற்றி டிரைவரம்மா நடந்தார். ஒரு சுற்றுக்கு ஏழு நிமிடம். பட்டறை மெக்கானிக்குகள் குழியிலிருந்து தலையை நீட்டி, "அக்கா, எந்த ரூட்டு? அடுத்த ஸ்டாப்ல ஏறிக்கலாமா?" என்று கத்தினார்கள். "வண்டி ஃபுல்லு, பின்னால வருது!" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ஏழாவது வாரம் கிடங்குக்குள் சேர்ந்தார். முதல் நாள் நான்கு முறை உட்கார்ந்து எழுந்தார், ஐந்தாவது முறை உட்கார்ந்தவர் உட்கார்ந்தேவிட்டார். பக்கத்திலிருந்த தபால்காரர், வியர்வை சொட்ட, "ஸ்டாப் வந்துடுச்சா டிரைவரம்மா?" என்றார். அன்றைக்கு ஆரம்பித்த வாய்ச்சண்டை இருவருக்கும் இன்றுவரை ஓயவில்லை.

அந்தக் கிடங்கில் ஒரு பழக்கம் உண்டு. கடைசி சுற்றுக்கு நேரக் கணக்கு கிடையாது, எண்ணிக்கைதான். முடித்தவர்கள் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பக்கூடாது. கடைசி ஆளைச் சுற்றி நின்று, அவர் முடிக்கும்வரை எல்லோரும் சேர்ந்து உரக்க எண்ண வேண்டும். பல வாரங்கள் அந்தக் கடைசி ஆள் டிரைவரம்மாதான். நாள் முழுக்க அறுபது பேரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர் அவர். அந்த அறுபது பேரும் அவரிடம் பேசுவது வண்டி தாமதமானால் மட்டும்தான். இங்கே பதினெட்டுப் பேர் அவர் முகத்தைப் பார்த்து எண்ணினார்கள். முடித்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வியர்வை என்று சொல்லிச் சமாளித்தார்.

பலன் தெரிந்தது. பத்தாவது வாரத்தில் மாடிப்படியில் நடுவே நிற்காமல் ஏறினார். சாவி கையிலேயே இருந்தது. படுத்தால் அடித்துப்போட்ட மாதிரி தூக்கம். இடுப்புவலி ஓடிப்போனது. இடது கண்ணாடியைப் பார்க்க உடம்பையே திருப்பியவர் இப்போது கழுத்தை மட்டும் திருப்பினார். இருபத்தொன்றாம் வாரம் மருத்துவர் காற்றடித்தபோது 144-க்கு 92.

"இன்னும் கொஞ்சந்தான்" என்றார் மருத்துவர். "அஞ்சு வாரம் இருக்கு."

அந்தக் கொஞ்சம்தான் வினையானது. ஏனென்றால் அதற்கு மூன்று வாரம் முன்பே அவருடைய வலது குதிகாலுக்கு மேலே, எல்லோரும் நரம்பு என்று சொல்லும் தசைநார் தடித்து இறங்கும் இடத்தில், ஒரு வலி வந்து உட்கார்ந்திருந்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் குளியலறை வரை நொண்டல். வகுப்புக்குப் போய்ப் பத்து நிமிடம் குதித்தால் வலி இருந்த இடம் தெரியாது.

இங்கேதான் அவருடைய தொழில் அவரைக் கவிழ்த்தது. பழைய வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு: காலையில் எடுக்கும்போது சத்தம் வந்து, இன்ஜின் சூடானதும் சத்தம் போய்விட்டால், அதைப் புகார்ப் புத்தகத்தில் எழுத வேண்டாம். சூடான பிறகும் சத்தம் வந்தால்தான் பட்டறைக்கு விட வேண்டும். டிரைவரம்மா தன் காலையும் அப்படியே வைத்துப் பார்த்தார். சூடானால் போய்விடுகிறது. அப்படியென்றால் ஒன்றுமில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கோச் நிறுத்திவிடுவார், நிறுத்தினால் பிரஷர் ஏறும், ஏறினால் கண்ணாடி அறை.

ஒரு வியாழக்கிழமை. கடைசி நிறுத்தத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வண்டியை எடுத்தார். மூன்றாவது வளைவில், ஒரு பெண் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்தாள். டிரைவரம்மா பிரேக்கை மிதித்தார். மிதிக்கப் போன பாதம், குதிகாலில் சுருக்கென்றதும் ஒரு கண்ணிமைக்கும் நேரம் தயங்கியது. பிறகுதான் அழுத்தியது. வண்டி நின்றது. குழந்தை வண்டிக்கும் முன்கண்ணாடிக்கும் நடுவே இரண்டு ஆள் நிற்கலாம். அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள். உள்ளே ஒருவருடைய தண்ணீர் பாட்டில் உருண்டு முன்னால் வந்தது, அவ்வளவுதான்.

"என்னக்கா, குலுக்கிட்டீங்க?" என்றார் கண்டக்டர்.

"ஒண்ணுமில்ல."

நான்கு ஆள் நிற்கிற இடம் விட்டு நிறுத்துவதுதான் அவர் வழக்கம். இரண்டு ஆள் இடம் எங்கே போனதென்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் காலை வகுப்பில் கடைசிச் சுற்று, பாக்ஸ் ஜம்ப். முழங்கால் உயர மரப்பெட்டி மேல் இரு காலும் சேர்த்துத் தாவ வேண்டும், குதித்து இறங்க வேண்டும், ஐம்பது முறை. எல்லோரும் முடித்துவிட்டார்கள். டிரைவரம்மாவைச் சுற்றி வட்டம் கூடியது. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. கூட்டத்தின் குரல் ஏற ஏறக் கால் தானாகத் தாவியது. அந்தக் குரலில் ஒருவிதப் போதை உண்டு. நாற்பது. இறங்கும்போது அதே சுருக். நாற்பத்தொன்று.

பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"நாப்பத்திரெண்டு!" என்றது கூட்டம். அவர் அசையவில்லை. "நாப்பத்திமூணு!" உற்சாகத்தில் யாரும் கவனிக்கவில்லை. நெரிசல் வண்டியில் பின்வாசல்வரை கேட்கிற தன் குரலை எடுத்தார் டிரைவரம்மா.

"ஏறாதவங்களுக்கெல்லாம் டிக்கெட் கிழிக்காதீங்கப்பா! நான் இங்கதான் நிக்கிறேன்!"

சிரிப்பு வெடித்தது.

"இன்னும் ஒம்பதுதானே, ஓட்டிடுங்க டிரைவரம்மா!" என்றார் தபால்காரர்.

"நீங்க லெட்டரைத் தப்பான வீட்ல போட்டா திருப்பி எடுத்துக்கலாம் அண்ணே. நான் பிரேக்கைத் தப்பா போட்டா என்னத்தை எடுக்கிறது?"

அவர் குரலில் ஏதோ இருந்தது. சிரிப்பு நின்றது. கோச் மண்டியிட்டு, குதிகால் நரம்பை இரண்டு விரலால் அழுத்தினார். டிரைவரம்மா பெட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனை நாளாக்கா?"

"மூணு வாரம்."

"ஏன் சொல்லல?"

"சூடானா போயிடுதும்மா."

கோச் விரலை எடுத்தார். "அக்கா, இந்த நரம்பு வலியே அப்படித்தான். ஆரம்பத்துல சூடானா அடங்கிடும். குதிக்கக் குதிக்க உள்ள நைஞ்சுக்கிட்டே போகும். ஒரு நாள் பட்டுனு அறுந்துபோனவங்கள நான் பாத்திருக்கேன்." பிறகு, தனக்கே சொல்லிக்கொள்வது போல, "நானும் பாக்கலியே. எண்ணிக்கிட்டு நின்னேன்."

அன்றே பிசியோதெரபிஸ்டிடம் போனார். நரம்பு வீங்கியிருக்கிறது, அறுபடவில்லை. குதிப்பது கூடாது, மற்றதைத் தாராளமாகச் செய்யலாம், குதிகாலுக்குத் தனிப் பயிற்சி தருகிறேன் என்றார் அவர். பேருந்து ஓட்டலாமா என்று கேட்டதற்கு, "அவசரத்துக்கு மிதிச்சா கால் யோசிக்குமா யோசிக்காதான்னு உங்களுக்குத்தான் தெரியும்" என்றார்.

தெரிந்ததுதான் பிரச்சினை. நேராக மருந்துக்கடைக்குப் போய், நடந்ததை டிப்போவில் எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். வீட்டுக்காரர் கல்லாவுக்குப் பின்னாலிருந்து குரலைத் தாழ்த்தினார்.

"யாருக்கும் தெரியாதில்ல? பேசாம லீவு போடு. கால் சரியானதும் போ. எழுதிக் குடுத்தா நீயா போய் அந்த ரூம்ல உக்கார்ற மாதிரி ஆயிடும்மா."

"கால் சரியாச்சான்னு யாருங்க பாக்கிறது? நானா? மூணு வாரமா நான்தானே பாத்தேன். பாத்த லட்சணம் தெரியலையா?"

அவர் கிளம்பும்போது வீட்டுக்காரர் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கையில் திணித்து, "வழியில குடி" என்றார்.

டிப்போ மேலாளர் மேஜையில் டிரைவரம்மா வைத்த காகிதத்தில் நான்கு வரிதான்: தேதி, நேரம், மூன்றாவது வளைவு, பிரேக் போடுவதில் தாமதம், காரணம் வலது கால். மேலாளர் இரண்டு முறை படித்தார்.

"வண்டி மோதல, புகார் இல்லை. நீங்களா வந்து சொல்றீங்களா?"

"ஆமா சார்."

"இத்தனை வருஷத்துல என் கைக்கு இப்படி ஒரு பேப்பர் வந்ததில்லைம்மா" என்று சொல்லிவிட்டு, அவரைக் கண்ணாடி அறைக்கு மாற்றி எழுதினார். வேறு இடம் இல்லை.

எந்த அறைக்குப் பயந்து ஓடினாரோ அதே அறையில் உட்கார்ந்து, பிற்பகல் ஒன்றரை முதல் வண்டிகளை எழுதினார். முதல் நாள் தன் வண்டியை வேறொருவர் எடுத்துப் போனபோது, கியர் மாற்றிய சத்தத்தைக் கேட்டுப் பல்லைக் கடித்தார். காலையில் கிடங்கை விடவில்லை. மற்றவர்கள் குதிக்கும்போது இவர் உட்கார்ந்து கயிறு இழுத்தார், படுத்தபடி எடை தூக்கினார். மூச்சிரைப்பில் ஒரு குறையும் வைக்கவில்லை கோச்.

கிடங்கிலும் ஒன்று மாறியது. வகுப்பு தொடங்குமுன், பலகையில் ஒவ்வொருவர் பேருக்கு எதிரிலும் வலிக்கும் இடத்தை எழுத வேண்டும். முதல் நாளே பதினெட்டில் பதினோரு பேர் எழுதினார்கள். தபால்காரர் "இடது தோள், ரெண்டு மாசமா" என்று எழுதிவிட்டுத் திரும்பாமல் நின்றார்.

"எனக்கு அட்வைஸ் பண்ணின வாய் எங்கண்ணே?" என்றார் டிரைவரம்மா.

கடைசியில் எண்ணுகிற பழக்கமும் இருக்கிறது. ஆனால் படிக்கட்டு விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று குதிகாலை மூன்று எண்ணி ஏற்றி, மூன்று எண்ணி இறக்குகிறவருக்காகப் பதினெட்டுப் பேர் அவ்வளவு மெதுவாக எண்ண வேண்டியிருக்கிறது. பொறுமையில்லாதவர்களுக்குக் குதிப்பதைவிட அதுதான் கஷ்டம்.

ஆறு மாதம் முடிந்த அன்று மருத்துவர் காற்றடித்தார். 134-க்கு 86. மறுபடியும் அடித்தார். அதேதான். மாத்திரையைப் பாதியாகக் குறைப்பதைப் பற்றி அடுத்த மாதம் பேசலாம் என்று சொல்லி, படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

"காலுக்கு?" என்று கேட்டார் டிரைவரம்மா.

பிசியோதெரபிஸ்ட் கேட்டது, ஒற்றைக் காலில் நின்று குதிகாலை வலியில்லாமல் இருபத்தைந்து முறை ஏற்றி இறக்குவது. மருத்துவரின் மேஜை விளிம்பைத் தொடாமல் டிரைவரம்மா ஒற்றைக் காலில் ஏறி இறங்கினார். பத்தொன்பதில் தானே நிறுத்தினார். மருத்துவர் படிவத்தில் காலுக்கான கட்டத்தைக் காலியாகவே விட்டார்.

அதற்குப் பிறகு நான்கு வாரம் ஆகிறது. போன சனிக்கிழமை இருபத்தாறு எடுத்தார். வரும் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, டிப்போவுக்குள்ளேயே, மேலாளரும் மருத்துவரும் பார்க்க, காலிப் பேருந்தில் முப்பது முறை அவசர பிரேக் மிதித்துக் காட்டுகிறார்.