முப்பத்தேழு கருவிகளும் ஒரு வேலிகாத்தான் குச்சியும்

2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை, காலை ஐந்து மணி ஐம்பது நிமிடம். மழை காற்றோடு சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. மின்சாரம் போய் ஏழு மணி நேரம் ஆகியிருந்தது. புதுவாயல் கூட்ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது எங்கள் வீடு. வாசலில் ஐந்து படிகள். டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு படிகளைக் காணவில்லை.

உள்ளே என் மனைவி கட்டிலில் கிடந்தாள். இடுப்பெலும்பு முறிந்து, தகடு வைத்து, அன்றைக்குப் பதினாறாவது நாள். அவளைத் தூக்க நாலு பேர் வேண்டும், ஆம்புலன்ஸ் வர சாலை வேண்டும். இரண்டும் இல்லை.

தண்ணீர் ஏன் ஏறுகிறது என்பது எனக்குத் தெரியும். எங்கள் தெருமுனையில் சாலைக்கு அடியில் ஒரு கால்வாய் போகிறது. பக்கத்துத் தொழிற்சாலைக்காரர்கள் மதில் கட்டியபோது இடித்த செங்கல்லையும் மண்ணையும் அதன் வாயில் கொட்டிவிட்டுப் போனார்கள். அதை அள்ளச் சொல்லி நான் பதினான்கு மனு எழுதினேன். ஒன்பதுக்கு ஒப்புகைச் சீட்டு இருக்கிறது. ஒரு கூடை மண்ணைக் கூட எவரும் அள்ளவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் இதைவிடப் பெரிய கோபம் ஒன்று இருக்கிறது. அதற்கு முதல் நாள் மாலையிலிருந்து சொல்ல வேண்டும்.

நான் முப்பத்தோரு வருடம் தொழிற்பேட்டையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். வீட்டுக் கொல்லையிலும் ஒரு தகரக் கொட்டகை வைத்திருக்கிறேன். கடப்பாரை, மண்வெட்டி, சுத்தியல் என்று முப்பத்தேழு கருவிகள். ஒவ்வொன்றிலும் சிவப்பு பெயிண்டில் எண் போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலை எதிர்வரிசை வாடகை அறைகளிலிருந்து மூன்று பேர் வந்து கேட்டைத் தட்டினார்கள். பதினோரு அறைகள், எல்லாம் ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பங்கள். புயல் வருவதற்குள் கால்வாய் வாயைத் தோண்டி விடலாம், கடப்பாரையும் மண்வெட்டியும் கொடுங்கள் என்றார்கள்.

அவர்கள் கேட்டது நியாயம்தான். ஆனால் முந்தைய வருடம் அதே வரிசைக்குப் பதினோரு கருவிகள் கொடுத்து, ஒன்பதுதான் திரும்பி வந்திருந்தன. அதைச் சொன்னேன்.

"அது நாங்க இல்ல சார். அப்ப வேற ஆளுங்க குடி இருந்தாங்க," என்றார் ஒருவர்.

"யாராக இருந்தாலும் சரி. ஆளுக்கு ஒரு ஆதார் நகல் கொடுத்துக் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போங்கள்," என்றேன்.

அவர்களோடு வந்த பெண்மணிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். முன்பு நடவுக்குப் போனவர், இப்போது ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிறார். அவர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாய்த்துக்கிழம சாய்ங்காலம் ஜெராக்ஸ் கடய எங்க சார் போய்த் தேடறது? கம்பெனில ரிட்டயர்டு ஆயிட்ட, ஸ்டோர மட்டும் இன்னும் மூடல நீ. பேஜாரு புடிச்ச ஆளு சார்."

நான் கேட்டைப் பூட்டிக்கொண்டேன். விதி விதிதான் என்று மனைவியிடம் வேறு சொன்னேன். "அடுத்த வீட்டுக்காரங்கதானே, கொடுத்திருக்கலாமேங்க," என்றாள்.

திங்கட்கிழமைக்கு வருகிறேன். ஆறு நாற்பதுக்கு மூன்றாவது படி மூழ்கியது. ஐம்பது நிமிடத்துக்கு ஒரு படி. அப்படியானால் எட்டு இருபதுக்குத் தண்ணீர் வீட்டுக்குள். கடப்பாரையை எடுக்கக் கொல்லைக்கு ஓடினேன். கொல்லை பள்ளம். கொட்டகை வாசலில் தண்ணீர் என் இடுப்புக்கு நின்றது. பூட்டைத் திறந்துவிட்டேன். ஆனால் அந்த இரும்புக் கதவு வெளிப்பக்கம் திறப்பது. எட்டு முறை இழுத்தேன். வெளியே தண்ணீரும் அடியில் படிந்த சேறும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தன. ஒரு விரல் அளவுகூட அசையவில்லை. முப்பத்தேழும் உள்ளே, நான் வெளியே.

கத்திக்கொண்டே தெருமுனைக்குப் போனேன். அங்கே பத்துப் பதினைந்து பேர் ஏற்கெனவே தோண்டிக்கொண்டிருந்தார்கள். எதைக்கொண்டு என்று பார்த்ததும் நின்றுவிட்டேன்.

காற்றில் முறிந்து விழுந்த வேலிகாத்தான், அதாவது சீமைக்கருவேலக் கிளைகள்தான் அவர்களுடைய கடப்பாரை. அந்தப் பெண்மணி உயரமான ஒரு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக் கத்தி அந்தக் கட்டையில் மழுங்கிவிட்டதாம். சாலை ஓரத்துக் கருங்கல் ஜல்லியை இன்னொரு கல்லில் ஓங்கித் தட்டுவார். கத்தி போல் ஒரு சில்லு தெறிக்கும். அந்தச் சில்லால் கிளை முனையைச் சீவுவார். பிறகு பக்கத்தில் இருந்த கேஸ் அடுப்புத் தீயில் முனையைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டுவார். கருகி இறுகியதும் அடுத்த ஆளுக்கு வீசுவார். மண் அள்ளப் பனை மட்டையின் அகன்ற அடிப்பகுதி. செங்கல் கட்டியை உடைக்க, கவைக் கொம்பில் பெரிய கல்லை வைத்துப் பனை நாரால் இறுக்கிய சம்மட்டி. அப்படி இரண்டு செய்திருந்தார்கள். தோண்ட இரும்பு என்று ஒரு துண்டு அங்கே இல்லை.

எனக்கு வந்ததே கோபம். யார் மீது என்று அந்த நிமிடம் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. "இதையெல்லாம் வைத்து எப்போது தோண்டி முடிப்பது!" என்று கத்தினேன்.

"வயல்ல நண்டு தோண்டறதுக்கு இன்னா கடப்பாரையா எத்துக்கினு போனோம்? கத்திக்கினு நிக்காத சார், வழிய விடு," என்றார் அவர்.

"எனக்கும் ஒன்று கொடுங்கள்."

அவர் சீவுவதை நிறுத்திவிட்டு, ஈரக் கையை நீட்டினார். "ஆதார் ஜெராக்ஸ் இருக்கா சார்?"

மழையிலும் எல்லாரும் சிரித்தார்கள். எழுபத்தோரு வயதில், முழங்கால் தண்ணீரில், நீட்டிய கையோடு நின்றேன். அவர் என்னை அதிக நேரம் நிற்க வைக்கவில்லை. சூடு ஆறாத ஒரு குச்சியை என் கையில் திணித்தார். "அம்மா கட்டில்லயா கீது? எத்தினி படி ஏறிச்சி?" என்று கேட்டார். மூன்று என்றேன். "அப்ப பேசாத. குத்து."

குத்தினேன். முதல் குச்சி நாற்பதாவது குத்தில் முறிந்தது. இன்னொன்று வந்தது. களிமண்ணும் பிளாஸ்டிக்கும் ஆகாயத்தாமரை வேரும் பாறை மாதிரி இறுகியிருந்தன. ஏழு ஐம்பத்தைந்துக்கு, கல் சம்மட்டி வைத்திருந்தவர் ஒரு பெரிய செங்கல் கட்டியை உடைத்துத் தள்ளியதும், தண்ணீர் சத்தத்தோடு உள்ளே பாய்ந்தது. அது பனை மட்டை ஒன்றையும் இழுத்துக்கொண்டு போனது. வீட்டுக்கு ஓடி வந்து பார்த்தேன். நாலு படிகள் மூழ்கியிருந்தன. ஐந்தாவது படி இரண்டு விரல் உயரத்துக்கு வெளியே தெரிந்தது. கால் மணி நேரம் அங்கேயே நின்றேன். அது மூன்று விரல் ஆனது.

எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. எதிர்வரிசையில் பதினோரு அறைகளிலும் முழங்கால் அளவு வந்துவிட்டது. துணி, அரிசி, பிள்ளைகளின் புத்தகங்கள் எல்லாம் போயின. முதல் நாள் மாலையே அந்த வாய் திறந்திருந்தால் அவ்வளவும் மிஞ்சியிருக்கும். இதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்து கொட்டகைக் கதவு திறந்தது. சேற்றிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து எண்ணினேன். முப்பத்தேழு. ஒன்றும் குறையவில்லை. முப்பத்தோரு வருட வேலையிலும் அதற்குப் பிறகும் இருப்பு சரியாக இருந்ததற்காக நான் வெட்கப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

இப்போது அந்தக் கொட்டகைக்குப் பூட்டு இல்லை. கருவிகள் முன்வாசல் சுவரில் தொங்குகின்றன. கேட்காமலே எடுத்துப் போகிறார்கள். அந்த அம்மாள் மட்டும் ஒவ்வொரு முறையும், "ஜெராக்ஸ் எதுனா வேணுமா சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுப்பார். எனக்கு இன்னும் சிரிப்பு வருவதில்லை.

புயலுக்கு முந்தைய வருடம் திரும்பி வராத அந்த இரண்டில் ஒன்று மண்வெட்டி, மற்றது இரும்புச் சட்டி. பழைய நோட்டை எடுத்து அவற்றின் விலையைக் கூட்டிப் பார்த்தேன். மழை இருட்டும்போதெல்லாம் அந்தக் கூட்டுத் தொகை என் கண்ணில் வந்து நிற்கிறது. கட்டிலில் கிடந்த என் மனைவிக்கும் எதிர்வரிசைப் பதினோரு குடும்பத்துக்கும் சேர்த்து அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நான் போட்டிருந்த விலை அதுதான்: நானூற்றுப் பத்து ரூபாய்.