கூப்பிய கை

சனிக்கிழமை என் மகனின் பிறந்தநாள் விருந்து. வந்தவர்கள் முன்னாலேயே என் நாத்தனார், "அண்ணி, பிரியாணில உப்பு கொறச்சல்லா" என்று சொல்லிவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் ஜார்ஜ்டவுன் மாதா கோயிலில் தமிழ்ப் பூசை. வழக்கம்போல அவள் என் இடப்பக்கம் நின்றாள். ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவிக்கும்படி பாதிரியார் சொன்னதும், கைகூப்பி என் பக்கம் திரும்பினாள். நான் பின்னால் திரும்பி, முன்பின் தெரியாத ஒரு பெண்மணிக்குச் சிரித்தபடி சமாதானம் சொன்னேன். அடுத்த செபம் தொடங்கும்வரை அவள் கையை இறக்கவில்லை. கடைக்கண்ணில் அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் திரும்பவில்லை.

பூசை முடிந்து எல்லோரும் பத்து பெரிங்கி கடற்கரைக்குப் போனோம். பிள்ளைகள் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தபோது அவள் என்னருகில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, அவருக்கு ஜொகூருக்கு வேல மாத்திட்டாங்க. அடுத்த மாசம் குடும்பத்தோட அவ்ளோ தூரம் போறோம். நேத்தே ஒங்ககிட்டதான் மொதல்ல சொல்ல வந்தேன். அழுதிருவேனோன்னு பயந்து, வாய்க்கு வந்தத பேசிட்டேன்."

"ம்" என்றேன்.

இப்போது தொலைபேசியில் எல்லாவற்றையும் பேசுகிறோம், அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தவிர. பூசையில் சமாதானம் சொல்லும் நேரம் வந்தால் நான் முதலில் இடப்பக்கம்தான் திரும்புகிறேன். அங்கே யார் யாரோ நிற்கிறார்கள். அவர்கள் திரும்பிக்கொண்ட பிறகும் எனக்குக் கையை இறக்க மனம் வருவதில்லை.