பொங்கிய பிறகு வந்த றிப்போட்

எனக்குப் பொறுமை கிடையாது. ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சட்டை தைக்கக் கொடுத்துவிட்டுத் தையல்காரி பிந்தினால் கோபிப்பதுதான் உலக வழக்கம். நானோ சொன்ன நாளுக்கு முதலே தைத்து மடித்து வைத்துவிட்டு, வாங்க வருகிறவள் பிந்தினால் வாசலில் நின்று ஏசுகிறவள். இப்போது நன்றாக இருக்கிறேன், பழையபடி ஏசுகிறேன். ஆனால் அந்த அவசரம் ஒருமுறை என்னை எங்கள் கோயில் அம்மாளுக்கு முன்னாலேயே கோமாளியாக்கிவிட்டது.

இடது மார்பில் கட்டி வந்து, ஒப்பரேசன் செய்து மார்பை எடுத்தார்கள். நாங்கள் படுவான்கரை ஆட்கள். ஆஸ்பத்திரி வாவிக்கு அந்தப் பக்கம், டவுனில். மறுநாள் டொக்டர் கட்டிலடிக்கு வந்து சொன்னார்:

"கட்டிய முழுசா எடுத்தாச்சு அம்மா. டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறம். றிப்போட் வந்த பிறகு மிச்சத்தைக் கதைப்பம்."

இதில் என் காதில் ஏறியது முதல் வசனம் மட்டும்தான்.

ஒப்பரேசனுக்கு முதலே ஒரு நேர்த்தி வைத்திருந்தேன். நல்லபடியாக முடிந்தால் மடிப்பிச்சை எடுத்து அம்மாளுக்குப் பொங்குவேன் என்று. வீட்டு அரிசியில் பொங்கினால் அது மடிப்பிச்சை ஆகாது. சேலைத் தலைப்பை ஏந்திக்கொண்டு வீடு வீடாகப் போய் நிற்கவேண்டும். பெண்கள் அள்ளிப் போடுகிற அரிசியில்தான் பொங்கவேண்டும். அவசரத்துக்கு ஒரு தேங்காய்கூட அடுத்த வீட்டில் கேட்டு வாங்காத எனக்கு இதைவிடப் பெரிய நேர்த்தி கிடையாது. அதனால்தான் அதை வைத்தேன்.

காயம் ஆறியதும் ஆறாததுமாகப் புறப்பட்டுவிட்டேன். இடது கை சரியாக உயரவில்லை. மடி ஒரு பக்கம் சரிந்து அரிசி தெருவெல்லாம் சிந்தியது. "பாத்துகா, கோழிக்கும் சேத்தா நேர்ந்த நீ?" என்று முன்வீட்டுக்காரி கேட்டாள். நானும் சிரித்தேன். அன்று பின்னேரம் கோயிலில் பொங்கிய புக்கையைத் தெரு முழுவதும் சாப்பிட்டது.

அடுத்த கிழமை றிப்போட் வந்தது. கக்கத்திலிருந்து எடுத்த நெறிக்கட்டிகளிலும் புற்றுநோய் இருக்கிறதாம். டொக்டரும் எதிர்பார்க்கவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. கீமோ ஏற்றுவது நல்லது, அதற்குப் பிறகு மெசினில் கதிர் பிடிக்கவும் வேண்டும் என்றார்.

"கட்டாயப்படுத்த மாட்டன். ஏத்தினா திரும்பி வாறது குறையும். ஏத்தாட்டி என்ன நடக்கும் எண்டு என்னால சொல்ல ஏலாது. யோசிச்சு அடுத்த கிளினிக்கில சொல்லுங்க."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. டொக்டர்மேல் கோபம், அம்மாள்மேல் கோபம், சிந்திய அரிசிமேல்கூடக் கோபம். என் வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து வந்த பிறகும் அது தணியவில்லை. ஆக்கப் பொறுத்தவள் ஆறப் பொறுக்கவில்லை என்பார்கள். நான் ஆக்கவே பொறுக்கவில்லை.

உண்மையைச் சொன்னால், கீமோவுக்கு நான் பயப்படவில்லை. கீமோ ஏற்றினால் முடி கொட்டும். முடி கொட்டினால் ஊருக்கே தெரியும். புக்கை சாப்பிட்ட அத்தனை பேரும் என்னைப் "பாவம்" என்று பார்ப்பார்கள். அந்தப் பார்வைதான் எனக்குச் சாவைவிடப் பெரிதாகத் தெரிந்தது. இன்று எழுதும்போது மடத்தனமாக இருக்கிறது, அன்று அப்படித் தெரியவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுவதாக மனதுக்குள் முடிவெடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து என் அக்கா வந்தாள். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்ற அவளைவிட்டால் ஆளில்லை.

"றிப்போட் வர முதல் நேர்த்தியக் கழிச்சா அம்மாள் கோவிக்காம என்ன செய்வா? மருந்து ஏத்திறத உட்டுட்டு மறுகா ஒரு நேர்த்தி வை."

"அம்மாளுக்கு உன்னைப்போலச் சின்னப் புத்தி இல்ல" என்றேன். அவள் குடையையும் மறந்து விட்டுவிட்டுப் போனாள்.

வேண்டாம் என்று நானே முடிவெடுத்திருந்தாலும், அக்காவும் அதையே சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அன்று பின்னேரம் வளவில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரிடம் போய், "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"ஊடும் உன்ட, உடம்பும் உன்ட. நான் என்னத்தச் சொல்ற?"

இது அவருடைய பழைய பகிடி. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்த ஆண், பெண்சாதியின் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். கூரை ஒழுகினாலும், வேலி விழுந்தாலும், "உன்ட ஊடு" என்று சிரித்துவிட்டுத்தான் ஏணியை எடுப்பார். அன்றைக்கும் அப்படித்தான் என்று திரும்பினேன். பின்னால் தேங்காய் உரிக்கும் சத்தம் நின்றது.

"நீ இல்லாட்டி இந்த ஊடு எனக்கு என்ன முறை?" என்றார்.

பெண்சாதியை இழந்த ஆண்கள் கூடப்பிறந்தவளின் வீட்டில் ஒரு மூலையில் ஒதுங்குவதை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். யாரும் போகச் சொல்வதில்லை, அவர்களாகவே போய்விடுவார்கள். இவர் தன் உடுப்புப் பையோடு தங்கச்சி வீட்டு வாசல் படலையில் நிற்பதை ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன். இந்த மனிதன்மேல் எனக்கு இவ்வளவு ஆசை இருக்கிறது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. ஊரார் பார்க்கிற பார்வைக்காக இவரை அந்தப் படலையில் கொண்டுபோய் விடுவதா?

அடுத்த கிளினிக்கில் "ஏத்துங்க" என்று சொன்னேன்.

ஊருக்கும் நானே சொன்னேன். முன்வீட்டில்தான் தொடங்கினேன். "இன்னும் முடியல்லகா. கீமோ ஏத்தப் போறன்." அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பாவம் என்று சொன்னால் கடித்துக் குதறத் தயாராக நின்றேன். "அப்ப இன்னொரு புக்கை கிடக்கெண்டு சொல்லு" என்றாள்.

முடி கொட்டியது. வெட்டுத்துண்டுகளில் சேலைக்கேற்ற நிறத்தில் தலைத்துணி தைத்துக் கட்டினேன், நன்றாகத்தான் இருந்தது. கொட்டியதில் எனக்குப் பெரிய கவலையில்லை. ஆனால் மருந்து வாயின் ருசியையும் கொண்டுபோனது, கோபத்தையும் கொண்டுபோனது. என் வீட்டுக்காரர் அடுப்படிக்குள் இறங்கி எதை ஆக்கித் தந்தாலும் ஒரு சொல் சொல்லாமல் சாப்பிட்டேன். சட்டைக்காரிகள் பிந்தி வந்தாலும் சும்மா இருந்தேன். ஏசாத பெண்சாதி கிடைத்தால் எந்த ஆணும் சந்தோசப்படுவான் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் சந்தோசப்படவில்லை. நான் சாப்பிடும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

கீமோ, கதிர் எல்லாம் முடிந்து கொஞ்சக் காலம் போயிருக்கும். ஒரு மத்தியானம் வாவி மணலை மீனில் தேங்காய்ப்பால் விட்டு ஆணம் காய்ச்சி, சோற்றில் ஊற்றித் தந்தார். ஒரு வாய் வைத்தேன். உப்புத் தலைக்கேறியது.

"என்ன இது, வாவித் தண்ணியிலயா காச்சினீங்க? ஒரு மனுசர் தின்னலாமா இத? உப்புப் போடத் தெரியாட்டி என்னட்டக் கேக்க வாயில்லையா?"

அவர் தன் சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மறுகா ஒருக்கா ஏசு" என்றார்.

ஏசினேன். இடுப்புச் சாரன் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த ஆணத்தை மிச்சமில்லாமல் சாப்பிட்டார்.