மேசைக்கு அடியில் அழகுபாண்டி

அழகுபாண்டிக்கு வாயில் வராத சொல் ஒன்று உண்டென்றால் அது 'முடியாது'. அவனியாபுரத்தில் எங்கள் தெரு முழுக்க இன்டர்நெட் லைன் பார்ப்பவன் அவன்தான். போன் அடித்தால், "வந்துக்கிட்டே இருக்கேண்ணே" என்பான். பின்னால் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்கும். வரட்டும், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவோம் என்று வாசலிலேயே நிற்பேன். வந்து இறங்கியதும், "சாப்பிட்டீங்களாண்ணே?" என்று கேட்டுத் தொலைப்பான். அதற்குப் பிறகு எங்கே கோபப்படுவது?

அவனுக்கு நான் அண்ணன், என் மனைவி அலர்மேல்மங்கை அக்கா, என் மகள் தேவிகா பாப்பா. தேவிகாவோ அவனை அண்ணே என்பாள். முறை பார்த்துப் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும். சொந்த ஊர் செக்கானூரணிப் பக்கம். அப்பாவும் அண்ணன்மாரும் விவசாயம். இவன் மட்டும் இடுப்பில் வயர்ச் சுருளோடு போஸ்ட் போஸ்ட்டாக ஏறிக்கொண்டிருக்கிறான். வீட்டில் மனைவி நாகஜோதிக்கு மட்டும் பயப்படுவான். அந்தப் பயம் நியாயமானது.

அவன் வேலையில் பாதி, லாக்கு மாற்றுவதுதான். வயர் நுனியில் பிளாஸ்டிக்கில் ஒரு ஜாக்கு இருக்கும். அதன் முதுகில் நாக்குப் போல ஒரு சின்ன லாக்கு. ரவுட்டரில் சொருகினால் 'டக்' என்று பிடித்துக்கொள்வது அதுதான். அது ஒடிந்தால் ஜாக்கு நிற்காது, மெல்ல நழுவும், லைன் போகும். பழைய ஜாக்கை வெட்டிவிட்டுப் புதிதாக மாட்ட வேண்டும். அதற்குக் குறடு மாதிரி ஒரு கிரிம்பிங் டூல் வேண்டும். அது இல்லாவிட்டால் அழகுபாண்டியும் என்னைப்போல ஒரு சாதாரண மனிதன்தான்.

நடந்தது ஆயுத பூஜை அன்று. தேவிகா வேலை பார்த்த சென்னைக் கம்பெனியை அதற்கு முந்தைய வருஷமே மூடிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து ஒரு வருஷமாகப் பிள்ளை ஏறாத படி இல்லை. கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள், "தேவிகா இப்ப என்ன பண்ணுது?" என்று கேட்டுக் கேட்டு, அவள் கல்யாணங்களுக்கே வருவதை நிறுத்திவிட்டாள். கடைசியில் சிங்கப்பூர் கம்பெனி ஒன்றில் இறுதிச் சுற்று வரை வந்திருந்தாள். மதுரையில் இருந்தபடியே பார்க்கிற வேலை. நேர்காணல் அன்று மாலை நான்கு மணிக்கு. சிங்கப்பூரில் ஆயுத பூஜைக்கு லீவு கிடையாதாம். நடுவில் லைன் அறுந்தால் நேர்காணல் ரத்து என்று மெயிலிலேயே போட்டிருந்தார்கள்.

மத்தியானம் அலர்மேல்மங்கை பூஜைக்கு எல்லாவற்றையும் துடைத்தாள். மிக்சி, கிரைண்டர், நான் சுங்குடிச் சேலை அளக்கிற கஜக்கோல், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். ரவுட்டரைத் துடைக்க ஜாக்கைப் பிடித்து இழுத்தவள், லாக்கை ஒடித்துவிட்டாள். ஒடிந்தது அவளுக்குத் தெரியாது. ரவுட்டருக்கும் முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று தாராளமாகச் சந்தனம் பூசிவிட்டாள். லைன் போனபிறகு நான் கத்தினேன்.

"எல்லாத்துக்கும் வச்சுட்டு இதுக்கு மட்டும் வைக்காம விட்டா நல்லாவா இருக்கும்?" என்றாள். இதை அவள் எங்கள் சௌராஷ்டிர மொழியில் சொன்னாள். தமிழில் எழுதும்போது பாதிச் சூடு குறைந்துவிடுகிறது.

போன் அடித்ததும் அழகுபாண்டி வந்துவிட்டான். ஆனால் வெறும் கையோடு வந்தான்.

"டூல் எங்கடா?"

"பூசையில இருக்குண்ணே. சாமிக்கு முன்னாடி வச்சத மறுபூசை போடாம எடுக்கக் கூடாதுன்னு நாகஜோதி சொல்லிருச்சு. போன வருசம் தெரியாம எடுத்தேன், ஐப்பசி பூரா மழையில போஸ்ட்லயே தொங்குனேன்."

மற்ற லைன்மேன்களுக்குப் போன் போட்டான். எல்லோருடைய டூலும் பூஜையில். கடைகள் பூட்டியிருந்தன. டேப் ஒட்டிப் பார்த்தான். சந்தனத்தில் டேப் ஒட்டுமா? தீக்குச்சி செருகினான், அதுவும் நழுவியது. போன் டவர் எங்கள் வீட்டில் மொட்டை மாடியில்தான் கிடைக்கும். மாடிக்கு நேர் எதிரே ஒர்க்‌ஷாப்காரர்கள் பூஜைக்கு வைத்த ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது, அங்கே உட்கார்ந்து போன் நெட்டில் பேசவும் வழியில்லை.

மணி நான்கை நெருங்கியது. தேவிகா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"பாப்பா, நீ உக்காரு. நான் பிடிச்சுக்கிறேன்" என்றான் அழகுபாண்டி. ரவுட்டரோடு மேசைக்கு அடியில் நுழைந்து, சம்மணம் போட்டு, கட்டைவிரலால் ஜாக்கை அழுத்திப் பிடித்தான். லைன் வந்தது.

நானும் அலர்மேல்மங்கையும் கதவுக்குப் பின்னால் நின்றோம். கதவு இடுக்கில் மேசையும் தெரிந்தது, அதன் அடியில் அழகுபாண்டியின் முழங்காலும் தெரிந்தது. அவன் சட்டைப் பையில் போன் நிமிஷத்துக்கு ஒருமுறை அதிர்ந்தது. வீட்டில் திருஷ்டிப் பூசணிக்காயோடு நாகஜோதி காத்திருக்கிறாள் என்று அர்த்தம். அவன் எடுக்கவில்லை.

திரையில் ஒரு அம்மாள். சிரிக்கிற முகம் இல்லை. ஆங்கிலத்தில் நாலைந்து கேள்வி கேட்டார். என் மகள் பட்பட்டென்று பதில் சொன்னாள். எனக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் அந்த அம்மாள், "அறையில் நீங்கள் தனியாகத்தானே இருக்கிறீர்கள்? கேமராவைச் சுற்றிக் காட்டுங்கள். மேசைக்கு அடியிலும்" என்றார். ஆளை ஒளித்துவைத்துப் பதில் கேட்டுச் சொல்கிறவர்கள் பெருகிவிட்டார்களாம்.

அழகுபாண்டிக்கு ஆங்கிலம் தெரியாது. 'டேபிள்' மட்டும் புரிந்திருக்கிறது. "பாப்பா, நான் போயிரவா?" என்று கிசுகிசுத்தான்.

"நீங்க போனா லைனும் போயிரும்ணே. இருங்க" என்றாள் தேவிகா. லேப்டாப்பைத் தூக்கி மேசைக்கு அடியில் காட்டினாள். காட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். இன்று கருவிகளுக்குப் பூஜை, அம்மா ரவுட்டருக்குச் சந்தனம் வைத்தார், லாக்கு ஒடிந்தது, இவர் எங்கள் லைன்மேன், வயரைப் பிடித்திருக்கிறார். கேட்கும்போதே எனக்குப் பொய் மாதிரி இருந்தது. உண்மை என்று தெரிந்த எனக்கே அப்படி என்றால், சிங்கப்பூரில் இருப்பவருக்கு எப்படி இருக்கும்?

அந்த அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரைக்குக் கிட்டே வந்து பார்த்தார். பிறகு, "வணக்கம்" என்றார், தமிழில்.

யாராவது வணக்கம் சொன்னால் அழகுபாண்டி என்ன செய்வான்? நெற்றி நிறையக் குங்குமமும், முகம் நிறையச் சிரிப்புமாக, இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான்.

லைன் போய்விட்டது.

அலர்மேல்மங்கை வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டாள். அழகுபாண்டி தன் கைகளையே பார்த்தான். "ஐயோ பாப்பா, பெரியவங்கள ஒத்தக் கையால எப்படிக் கும்பிடுறதுன்னு..." என்றவன் அழுதேவிட்டான். எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அடித்திருப்பேன். அழுகிறவனை எப்படி அடிப்பது?

அழுதபடியே ஜாக்கைத் திரும்பவும் அழுத்தினான். தேவிகா திரும்ப உள்ளே நுழைந்தாள். திரையில் அந்த அம்மாள் இன்னும் இருந்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர்.

"இப்போது நம்புகிறேன். பதில் சொல்லித்தர உட்கார்ந்தவர் இப்படிச் செய்யமாட்டார்" என்றார். "தொடரலாம். அவரிடம் இனிமேல் கும்பிட வேண்டாம் என்று சொல்லுங்கள்."

நேர்காணல் முடிந்ததும் கால் மரத்துப்போய், தவழ்ந்துதான் வெளியே வந்தான். யார் முகத்தையும் பார்க்காமல் கிளம்பிவிட்டான். அன்றைக்கு அவன் "சாப்பிட்டீங்களாண்ணே" என்று கேட்கவும் இல்லை.

மறுநாள் காலையில் நாங்கள் கூப்பிடாமலே வந்தான். கூடவே நாகஜோதி. அவள் கையில், குங்குமப் பொட்டோடு டூல்.

"மறுபூசை போட்டாச்சுண்ணே. மொத வேலை ஒங்க வீட்டுலதான் செய்யணும்னு சொல்லிட்டேன்" என்றாள். "நேத்துல இருந்து இந்த மனுசனுக்குப் பச்சத்தண்ணி பல்லுல படல. புள்ள வேலையக் கெடுத்துட்டேன், கெடுத்துட்டேன்னு ஒரே பொலம்பல்."

அழகுபாண்டி ஒடிந்த ஜாக்கை வெட்டினான். வயரைச் சீவி, நிறம் பார்த்து அடுக்கி, புது ஜாக்கில் விட்டு அழுத்தினான். ரவுட்டரைத் துடைத்துச் சொருகினான். 'டக்' என்றது. இழுத்துப் பார்த்தான். வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் தேவிகா லேப்டாப்பைப் பார்த்தபடியே அழ ஆரம்பித்தாள். அழகுபாண்டி பதறிப்போய், "என்ன பாப்பா, லைன் வரலையா?" என்றான்.

"வேலை கிடைச்சிருச்சுண்ணே."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நாகஜோதியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்பத் தேவிகாவைப் பார்த்தான்.

"அப்ப, என்னால போகலைல்ல?" என்று கேட்டான்.

"உங்களாலதான்ணே வந்துச்சு" என்றாள் என் மகள்.

நான், "டேய், சாப்பிட்டியா?" என்று அதட்டினேன். இல்லை என்று தலையாட்டினான். அலர்மேல்மங்கை இரண்டு இலை போட்டாள்.