சாய்வு நாற்காலிக்கு வந்த மலர்வளையம்

உடம்புக்கு நல்லது என்று சொல்லி ஒரு கிழவனையோ கிழவியையோ வீட்டைவிட்டு இறக்கிவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்கு எங்கள் ஊர்க்காரர்களைத் தெரியாது. தொண்ணூறுகளில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் எங்கள் ஜங்ஷன் வாசகசாலை முற்றத்தில், வயசானவர்களுக்குக் காலை நேர உடற்பயிற்சி தொடங்கினார்கள். வந்தவர்களில் ஒருத்தர்கூட உடம்புக்காக வரவில்லை. கூடவே நின்று கை ஆட்டியவள் நான், எனக்குத் தெரியாதா? பக்கத்து வீட்டு மாமி வந்தது மருமகள் முகத்தில் முழிக்காமல் இருக்க. வீட்டில் சர்க்கரை டப்பாவை ஒளித்துவிட்டார்கள் என்று, பயிற்சி முடிந்ததும் கிடைக்கிற சாயாவுக்காக வந்தார் ரப்பர்ஷீட் கடைக்காரர். அவரோடு வேலித்தகராறு உள்ளவர், அவர் தன்னைவிட அதிக நாள் உயிரோடு இருந்துவிடக் கூடாது என்று வந்தார். நான் போனது, என் வீட்டுக்காரர் வாயிலிருந்து ஒரு மணிநேரம் தப்பிக்க.

சொல்லிக்கொடுத்தவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் ஒரு விசில். இரண்டு ஊதினால் கையைத் தூக்க வேண்டும், ஒன்று ஊதினால் நிறுத்த வேண்டும். "முன்னால கேறி நில்லுங்க, முன்னால எடம் கெடக்கு!" என்று சத்தம் போடுவார். முற்றம் முழுக்க இடம் கிடக்கும், அது வேறு விஷயம். அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். சொல்லாமல் யாராவது வராவிட்டால், முடிந்த கையோடு எல்லாரும் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். "நம்ம வயசுல வரல்லன்னா ரெண்டே காரியம்தான். ஒண்ணு மடி, இல்லன்னா மரணம். ரெண்டுக்கும் நாம போகணும் இல்லா?" என்பார். மடி என்றால் எங்கள் பக்கத்தில் சோம்பல்.

என் வீட்டுக்காரர் நெய்யாற்றின்கரை கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு லேசாக ஒரு வாதம் வந்து இடது கால் கொஞ்சம் இழுத்தது. டாக்டர் மூடி மறைக்கவில்லை. "நடக்கணும். ஆளுகளோட கூடி இருக்கணும். இல்லன்னா அடுத்தது வரும், அத என்னால தடுக்க முடியாது" என்றார். இவர் கேட்டாரா? சாய்வு நாற்காலியில் விழுந்தவர் விழுந்தவர்தான். சாப்பாடும் அதில், தூக்கமும் அதில், என்னைத் திட்டுவதும் அதில். ராத்திரி அவர் மூச்சு கொஞ்சம் மாறினால் எனக்கு நெஞ்சு பதறும். விடிந்ததும் அவர் வாயைத் திறந்தால் அந்தப் பதற்றம் போய்க் கோபம் வந்துவிடும்.

"கேட்டியளா, நாளைக்கு என்கூட வாங்க" என்று நானும் கெஞ்சிப் பார்த்தேன்.

"எடியே, எத்தன ஜட்ஜிமாருக்க முன்னால நின்னவன் நான். அந்தக் கண்டக்டர் ஊதுனா நான் கையப் பொக்கணுமாக்கும்? சவத்த விட்டுத் தள்ளு. எனக்கு ஆளு வேணும்னா கோர்ட்டுல எனக்க ஆளுவ ஒருபாடு உண்டு."

அந்த ஏகப்பட்ட ஆளுகளில் ஒருத்தன் எட்டிப்பார்த்து வருஷமாகியிருந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் செவிடன் காதில் சங்கு ஊதுகிற மாதிரி நான் தினமும் ஊதிக்கொண்டுதான் இருந்தேன்.

அப்போதுதான் குடை வந்து குறுக்கே விழுந்தது. கோர்ட்டுக்குக் கொண்டுபோன பழைய பெரிய கறுப்புக் குடை. கம்பியெல்லாம் துருப்பிடித்துவிட்டது, துணி மட்டும் நல்ல துணி. விறகை மூடவாவது ஆகும் என்று பிரித்துத் துவைத்தேன். எங்கள் முற்றம் முழுக்க ரப்பர் நிழல். வெயில் விழுவது படிவாசலில் மட்டும்தான். அங்கே நட்டிருந்த கம்பில் துணியைக் கட்டிக் காயப்போட்டேன். அன்று காலையில் முட்டுவலி என்பதால் பயிற்சிக்கும் போகவில்லை. சொல்லியும் அனுப்பவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், வருகிறவர்களுக்கு வழி தெரிய வாசலில் கறுப்புத்துணி கட்டுவார்கள். எனக்கு இது தெரியாதா? நல்லாவே தெரியும். ஆனால் துவைத்துப் போட்டவளுக்கு அது துணி, கொடி இல்லை. பால்காரி பார்த்தாள். நேராக வாசகசாலைக்குப் போய், "கோர்ட்டு சார் போயிட்டாரு" என்று சொல்லிவிட்டாள். நானும் வரவில்லை, கால் இழுத்த மனுஷன் வேறு. யார்தான் சந்தேகப்படுவார்கள்?

நான் பின்பக்கம் மிக்சியில் சம்மந்தி, அதுதான் தேங்காய்த் துவையல், அரைத்துக்கொண்டிருந்தேன். இவர் முன்னால் வெள்ளை வேட்டியோடு, பேப்பரை முகத்தில் மூடிக்கொண்டு நல்ல உறக்கம். கண்டக்டர் எல்லாரையும் பயிற்சி வரிசையிலேயே நடத்திக்கொண்டு வந்திருக்கிறார். ஜங்ஷன் கடையில் அவசரமாகக் கட்டின ரீத்து, அதுதான் மலர்வளையம், அவர் கையில். முகத்தை மூடி மனுஷன் கிடக்கிறார், இனி என்ன கேட்க இருக்கிறது? காலடியில் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார். ரப்பர்ஷீட் கடைக்காரரும் வேலிக்காரரும் பக்கம் பக்கமாக நின்று தலை குனிந்தார்கள்.

"யம்மா, ஒரு வார்த்த சொல்லாம போயிட்டியளே!" என்று மாமி வைத்தாள் ஒரு ஒப்பாரி. அது மிக்சியைத் தாண்டி எனக்குக் கேட்டது.

நான் ஓடிவருவதற்குள் பேப்பர் விலகியது. இவர் எழுந்து உட்கார்ந்தார். கூட்டத்தைப் பார்த்தார், தம் காலைப் பார்த்தார்.

"ஆரு செத்தது?" என்றார்.

மாமி அலறியடித்துக்கொண்டு செம்பருத்திக்குள் விழுந்தாள். கண்டக்டர் அனுபவசாலி, அவர் மட்டும் அசையவில்லை. "சாரே, நீங்களாக்கும்னு நெனச்சோம். சேச்சியும் வரல்ல, வாசல்ல கொடியும் கெடக்கு. மன்னிக்கணும்" என்றார்.

நான் கறுப்புத்துணியைப் பிடுங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். இவர் என்னைக் கொல்லப்போகிறார் என்று நினைத்தேன். திட்டவே இல்லை. வந்தவர்களுக்கு சாயா போடச் சொன்னார். ரப்பர்ஷீட் கடைக்காரர் சர்க்கரை கூடுதலாகக் கேட்டு வாங்கினார். துக்கத்துக்கு வந்த இடத்தில் அவரை யார் தடுக்க?

எல்லாரும் போன பிறகு இவர் அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார். மதியம் சோறு போடும்போது மெதுவாகக் கேட்டார்.

"எடியே, கோர்ட்டுக்குப் போற ஆளுவ ரெண்டு மூணு பேரு நம்ம வாசல் வழியாத்தானே பஸ்ஸுக்குப் போவான்?"

"ஆமா."

"கொடியப் பாத்திருப்பானா?"

"பாத்திருப்பான்."

"ஒருத்தனும் உள்ள கேறல்ல இல்லா?"

நான் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன். பாவமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் இந்த மனுஷனைப் பார்த்து எனக்கு அவ்வளவு பாவமாக இருந்ததில்லை.

மறுநாள் காலையில் எனக்கு முன்னால் எழுந்து சட்டை போட்டு நின்றார். "எங்க?" என்றேன். "செத்தா வாறதுக்கு நாலு ஆளு வேணும் இல்லா? அவனுவள நான் இப்பளே பாத்து வைக்கணும்" என்றார். கண்டக்டர் இரண்டு ஊத, கையைத் தூக்கினார். இடது கை தோள்வரைதான் வந்தது. "அது போதும் சாரே, சீட்டு உண்டு" என்றார் கண்டக்டர். அன்றிலிருந்து மழையானாலும் பனியானாலும் தவறவில்லை. புறப்படும் முன்பு ஒரே ஒரு காரியம் செய்வார், வாசல் கம்பில் கறுப்பாக ஏதாவது காய்கிறதா என்று பார்ப்பார்.

பிறகும் டாக்டர் நினைத்ததைவிட நெடுநாள் இருந்தார். ஒருநாள் விடிகாலையில் அது வந்தது. நான் கொடி கட்டவில்லை, யாருக்கும் சொல்லியும் விடவில்லை, அப்படியே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டுபேரும் வரவில்லை என்று பயிற்சி முடிந்த கையோடு அவர்களே வந்தார்கள். வந்து பார்த்துவிட்டுக் கண்டக்டர் ஜங்ஷனுக்கு ஓடினார், ரீத்தோடு திரும்பினார். ஆனால் வைக்கவில்லை. அதைக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்து, "சாரே" என்று கூப்பிட்டார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை, "சாரே" என்றார். எல்லாரும் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

நான்தான் சொன்னேன், "இந்தத் தடவ வையுங்க அண்ணே."